நாற்பத்தொன்பதில் முடியும் கணக்கு

மதுராந்தகத்துக்காரர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் முதலில் ஏரிக் கதைதான் வரும். மழைக்கு மழை கரை உடைத்துக்கொண்டிருந்த ஏரி. 1790களின் பிற்பாதியில் செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ். அடைமழை ராத்திரியில் கரை என்ன ஆச்சோ என்று பார்க்கப் போன துரையின் கண்ணுக்கு, வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்பது தெரிந்தது. கரை உடையவில்லை. துரை தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார், கோயிலுக்கு ‘ஏரி காத்த ராமர்’ என்று பேர் நிலைத்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். எங்கள் ஊர்ப் பெருமை முழுக்க நீரைத் தேக்கி வைத்ததில்தான் இருக்கிறது என்பது மட்டும் நிஜம்.

நான் எழுதப் போவதும் தேக்கி வைத்த நீரைப் பற்றித்தான். இதற்குக் கோயில் கிடையாது. கல்வெட்டும் கிடையாது.

ஊரில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் கால்வலி, சர்க்கரை, மருமகள் எல்லாம் முடிந்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கும். “சூடு புடிச்சிகிச்சி”, “ஒண்ணுக்குப் போனா எரியுது”, “நீர் சுருக்குது”, “இருமினா சொட்டுது”, “கீழ காஞ்சி போயி அரிக்குது”. இத்தனை வார்த்தை இருக்கிற இடத்தில் உறுப்பின் பேர் மட்டும் வராது. அது “அடியில”, “கீழ”, “அந்த எடத்துல”. நம் கவிதையில் பெண்ணுடல் பற்றி நடந்த சண்டைகள் உங்களுக்குத் தெரியும். குட்டி ரேவதியின் தொகுப்பு 2002-இல் வந்தபோது தலைப்புக்கே எத்தனை கூச்சல். ஆனால் நான் படித்தவரை அந்தச் சண்டைகளில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் இளம் உடல். மாதவிலக்கு நின்ற உடலுக்காக யாரும் பெரிதாகச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

என் பெரியம்மாவுக்கு 52 வயது. தீட்டு நின்று நாலு வருஷமாகிறது. அதன் பிறகு வருஷத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் ஷாப்பில் “யூரின் இன்பெக்‌ஷனுக்கு” என்று சொல்லி மூணு நாள் மாத்திரை வாங்குவார். ரெண்டாம் நாள் எரிச்சல் அடங்கியதும் மிச்ச மாத்திரை சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் போய்விடும், அடுத்த தடவைக்கு. “வயசானா அப்டித்தான்டி” என்பார். இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

*

முதலில் நம் பக்கத்து மருத்துவம். சிறுநீரைப் பார்த்து நோயறிவதில் சித்த மருத்துவத்துக்குத் தனி முறையே உண்டு. தேரையர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் நீர்க்குறி, நெய்க்குறி. விடியற்காலையில் கழிக்கும் முதல் நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து நிறம், மணம், நுரை, எடை, அளவு என்று பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அசைக்காமல், அது எப்படிப் பரவுகிறது என்று கவனிப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம். இன்றைய ஆய்வகச் சோதனையோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் சிறுநீரைக் கூச்சப்படாமல் வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தது ஒரு மரபு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, பதினான்கு வேகங்கள். உடம்பு தானாக வெளிப்படுத்தும் உந்துதல்களைச் சித்த மருத்துவம் ‘வேகம்’ என்று சொல்லும். தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் என்று போகும் பட்டியலில் சிறுநீரும் உண்டு. எந்த வேகத்தையும் அடக்கக் கூடாது, அடக்கினால் நோய். சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும் நீர்த்தாரையில் எரிச்சலும் வரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்த இதே சமூகம்தான் பெண்ணிடம் இருட்டுகிற வரை அடக்கு, ஆம்பிளைகள் கண்ணில் படாமல் போ என்றது. கொல்லைக்குப் போக விடிவதற்கு முன் ஒரு நேரம், இருட்டிய பின் ஒரு நேரம். நடுவில் பன்னிரண்டு மணி நேர நடவு வேலை, களை வேலை. பெரியம்மா சின்ன வயசில் நடவுக்குப் போனவர். “தண்ணி குடிச்சாத்தான போவணும், குடிக்க மாட்டோம்” என்றார், ரொம்ப சாதாரணமாக.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். நெருஞ்சில் முள் கஷாயம், சிறுபீளை, வாழைத்தண்டு, பார்லிக் கஞ்சி, நீர்மோர். எங்கள் ஆயா கணக்கில் எல்லாமே ‘சூடு’. சூட்டுக்குக் குளிர்ச்சி. மூலிகைகளின் பங்கைப் பிரித்து நிறுவுவது கஷ்டம். ஆனால் இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது தண்ணீர். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி சிறுநீர்த்தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. ஆயா பாதி வழி சரியாகத்தான் போயிருக்கிறார். மீதி வழிக்குப் போகும்போது சிக்கல் வருகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் மாதவிலக்கு நிற்காத பெண்கள்.

*

ஆங்கில மருத்துவம் இந்தப் பக்கப் பெண்களிடம் பிரசவத்தின் வழியாகத்தான் வந்தது. எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது 1844-இல். 1875-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், மெட்ராஸில் வக்கீலாக இருந்த வெள்ளைக்காரரின் மனைவி. ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அவர் மருத்துவம் படிக்க வந்தார். 1885-இல் அவர் முயற்சியில் உருவானதுதான் சாதி இந்து, கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரி. திருவல்லிக்கேணியில் இன்றும் ஜனங்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள், போர்டில் கஸ்தூரிபா காந்தி பெயர் இருந்தாலும். பிற்பாடு லண்டன் போன ஷார்லீப் 1915-இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்ணின் வாழ்வுக்கு ஏழு பருவங்கள் என்பது அதன் தலைப்பு. ஏழு பருவம் இருப்பதாக மெட்ராஸில் படித்த ஒரு பெண் மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நம் அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டது அதில் ஒன்றைத்தான்: பிள்ளை பெறும் பருவம்.

மற்ற நோய்களில் செங்கல்பட்டு மாவட்டம் கணக்கு எடுக்கப்படாத மாவட்டம் இல்லை. உலக மருத்துவ வரலாற்றில் இந்த மாவட்டத்தின் பேர் அழுத்தமாகவே இருக்கிறது. திருமணியில் 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பக்கக் கிராமங்களில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், வருஷக்கணக்காகப் பின்தொடரப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகத்தையே அதிர வைத்தது. இவ்வளவு பொறுமையாக, வீடு வீடாக, உடம்பு உடம்பாக எண்ணத் தெரிந்த மண் இது.

பெண்ணை எண்ணும்போது மட்டும் கணக்கு சுருங்கிவிடும். 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம். அதன் பிறகு தாய்-சேய் நலம், 1997-இல் இனப்பெருக்க நலத் திட்டம். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி. இவற்றால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன, அதில் சந்தேகமே இல்லை. பெரியம்மாவின் ரெண்டு பிரசவமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், நன்றாகவே பார்த்தார்கள். ரெண்டாவதோடு ஆபரேஷனும் ஆச்சு. அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் அவருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்களில் ராணி பங், அபய் பங் தம்பதி முக்கியமானவர்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 92 சதவீதப் பெண்களுக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தவர்கள் 8 சதவீதம். உலகம் முழுக்கப் பெண்ணின் ‘பிரசவம் தாண்டிய’ உடம்பைப் பற்றிய பேச்சை அந்தக் கட்டுரை தூண்டியது.

ஆனாலும் எல்லைக்கோடு ஒன்று அப்படியே நிற்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு என்று ஒன்று 1992-93 முதல் நடக்கிறது. பெண்கள் நலம் பற்றி நாம் மேற்கோள் காட்டும் எண்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. அதில் பெண்களுக்கான நேர்காணல் 15 வயதிலிருந்து 49 வயது வரை. ஐம்பதாவது பிறந்தநாளன்று ஒரு பெண் அந்தக் கேள்வித்தாளிலிருந்து வெளியேறிவிடுகிறாள். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. அதாவது, பிரச்சினை தொடங்கி ரெண்டு மூணு வருஷத்தில் கணக்கு முடிந்துவிடும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஒரு தேசிய ஆய்வு வந்தது 2017-18-இல்தான்.

*

அறிவியலில் நடந்த கதை வேறு பாதை. 1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர், பெண்ணுறுப்பில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். தயிரைத் தயிராக்கும் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1929-இல் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் முதல் தடவையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இந்த ரெண்டையும் சேர்த்துப் படித்தால் பெரியம்மாவின் கதை விளங்கிவிடும்.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பெண்ணுறுப்பின் உட்சுவர் தடித்து, ஈரமாக, சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைத்திருக்கும். லாக்டோபேசில்லஸ் அதைத் தின்று அமிலம் சுரக்கும். உறை ஊற்றிய பால் புளிப்பதுபோல அந்த இடம் புளிப்பாக இருக்கும். குடலிலிருந்து வரும் இ.கோலை போன்ற கிருமிகளுக்குப் புளிப்பு ஆகாது. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றினால் சுவர் மெலிந்து காயும், நல்ல பாக்டீரியா குறையும், புளிப்பு போய்விடும். பெண்ணின் நீர்த்தாரை நாலு சென்டிமீட்டர்தான். கிருமிக்கு ஒரு எட்டு. நீர்த்தாரைக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டியிருப்பதால் அவசரமும் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

இதில் எங்கேயும் ‘சுத்தமில்லாதவள்’ என்ற வார்த்தைக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அடிக்கடி இந்தத் தொந்தரவு வரும் பெண்கள் முதலில் செய்வது சோப்புப் போட்டுத் தேய்ப்பதுதான். சிலர் டெட்டாலே ஊற்றுவார்கள். இப்போது வாசனை போட்ட திரவங்கள் வேறு. மிச்சமிருக்கும் புளிப்பையும் கழுவிவிட்டு வருகிறோம். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளியில் மட்டும்.

1993-இல் ராஸ், ஸ்டாம் என்ற இரண்டு மருத்துவர்கள், மாதவிலக்கு நின்ற, திரும்பத் திரும்பச் சிறுநீர்த்தொற்று வரும் 93 பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு எஸ்ட்ரியால் என்ற மென்மையான ஈஸ்ட்ரோஜன் கிரீம், உள்ளே தடவிக்கொள்ள. பாதிப் பேருக்கு மருந்தில்லாத கிரீம். வருஷத்துக்கு ஒருவருக்கு வந்த தொற்று, மருந்து கிரீமில் 0.5. மற்றதில் 5.9. கிரீம் போட்டவர்களில் பெரும்பாலானவர்களிடம் லாக்டோபேசில்லஸ் திரும்பி வந்திருந்தது. எரிகிற இடத்தில் தினம் தண்ணீர் ஊற்றுவதைவிட்டு, எரியாமல் பார்த்துக்கொள்ளும் வழி கிடைத்துவிட்டது.

அப்புறம் ஏன் அது மதுராந்தகம் வரவில்லை? ஒரு காரணம் 2002. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வாய்வழி ஹார்மோன் மாத்திரை கொடுத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய், பக்கவாத அபாயத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்த பயம் மாத்திரையோடு நிற்கவில்லை. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும் கிரீமின் மேலும் அதே எச்சரிக்கை ஒட்டப்பட்டது. அந்த எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது 2025 நவம்பரில்தான். பேர் விஷயத்திலும் இப்படித்தான். ‘சுருங்கிப்போதல்’ என்ற பொருளில் மருத்துவர்கள் சொல்லி வந்த பெயரை மாற்றி, பிறப்புறுப்பையும் சிறுநீர்ப்பாதையையும் சேர்த்து ஒரே நோய்க்கூறாகப் பார்க்கும் பெயர் வைத்தது 2014-இல். அதுவரை எரிச்சலுக்கு ஒரு டாக்டர், வறட்சிக்கு ஒரு டாக்டர். வறட்சிக்கு யார் போனார்கள்?

*

கிரீம் வராத இடத்துக்கு ஆன்ட்டிபயாட்டிக் வந்தது. அதிலும் சென்னைக்கு ஒரு கதை இருக்கிறது. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை. முதல் ஆசிரியர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே செல்லாமல் ஆக்கும் என்டிஎம்-1 என்ற நொதி கொண்ட கிருமிகள், சென்னை உட்படப் பல இடங்களில் கிடைத்ததை அது சொன்னது. அந்த நொதி முதலில் அடையாளம் காணப்பட்டதே இந்தியாவில் சிகிச்சை பெற்ற ஒருவரின் சிறுநீர்த்தொற்றில்தான். ‘நியூ டெல்லி’ என்று பேரில் இருந்ததால் பெரிய ரகளை ஆனது. ரகளை ஓய்ந்த பிறகு, 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்ட்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான ‘சென்னைப் பிரகடனத்தை’ உருவாக்கின. சில முக்கியமான ஆன்ட்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது.

இதெல்லாம் ஆஸ்பத்திரி ஐசியூ சமாச்சாரம் என்று தோன்றும். ஆனால் சாமி மாடத்தில் இருக்கும் அரை அட்டை மாத்திரையும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்திய மருந்து, கல்ச்சர் பார்க்காமல் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றி எடுத்த மருந்து, எல்லாம் சேர்ந்து ஒருநாள் சாதாரண நீர்க்கடுப்புக்கு ஊசி போட அட்மிட் ஆக வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். இதில் பெரியம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? காரணத்தை யாரும் சொல்லாததால் அவர் கையில் இருந்த ஒரே கருவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

இன்னொரு அணை வேலையிடம். ரங்கநாதன் தெருக் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளின் கதையை 2010-இல் ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்தோம். அவர்கள் உட்காரும் உரிமைக்கான சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு வந்தது 2021 செப்டம்பரில். உட்கார்வதற்கே சட்டம் வேண்டியிருந்த இடத்தில், ஒண்ணுக்குப் போவதற்கு மேஸ்திரியிடம் கேட்க வேண்டிய பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள். நடவில் பெரியம்மா செய்ததையே, மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறும் என் வயசுப் பெண்கள் இன்றைக்கும் செய்கிறார்கள். வேகம் பதினான்கில் ஒன்று இன்னும் அடக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

*

போன வருஷம் பெரியம்மாவை ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சிறுநீர் கல்ச்சர், சர்க்கரை ரெண்டும் பார்த்தார். ஆறு மாசத்தில் ரெண்டு தடவையோ வருஷத்தில் மூணு தடவையோ வந்தால் அதைத் தனித்தனித் தொற்றாகப் பார்க்காமல் ஒரே பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்றார். கிரீம் எழுதினார், எப்படிப் போடுவது என்று படம் வரைந்து காட்டினார். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா, இடையில் ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். எரிச்சல் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால் மாத்திரை வேண்டாம் என்றும், குளிர்காய்ச்சலோ முதுகுவலியோ ரத்தமோ வந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றும் சொன்னார். இருமும்போது சொட்டுவதற்கு இடுப்படித் தசைப் பயிற்சி. ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் 1948-இல் எழுதியது, காசு செலவில்லாதது. பெரியம்மா வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி: “இத்தினி நாளா இத யாருமே சொல்லலியே, ஏன்டி?” பத்து மாசம் ஆகிறது. ஒரே ஒரு தடவைதான் எரிச்சல் வந்தது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் கண்ட பதில் இவ்வளவுதான்: எண்ணியவர்கள் அவரைக் கணக்கில் வைத்திருக்கவில்லை. அந்தக் கணக்கைத் திருத்த பெரிய கட்டடமெல்லாம் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிபி மெஷினும் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஒரு பெண் நம் தெருவுக்கே வருகிறார், அநேகமாக அவரும் அதே ஊர்க்காரர். பெரியம்மா வயசுக்காரர்களை மாதாமாதம் பார்க்கிறவர் அவர்தான். கையில் பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டே அவர் இன்னொன்றும் கேட்கலாம்: “ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாம்மா?”